வெள்ளிக்கிழமை ஏழு மணி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வர்ஷா இருக்கிறாள். நான் இதை எழுதுகிற நேரத்தில் அடுத்த அறையில் தலையணையில் சாய்ந்துகொண்டு, அவள் அப்பாவோடு சீட்டு விளையாடி, ஏமாற்றி ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் நீங்கள் ஒவ்வொரு பத்தியிலும் அதையே தேடுவீர்கள். நானாக இருந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

என் பெயர் கோமதி. மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கியவள். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் அரை மார்க் குறைப்பேன். என் கணவர் சேகர் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். வர்ஷாவுக்கு இரண்டையும் குழைத்துச் செய்த ஒரு தனி மொழி. அவளுக்கு இப்போது பதினோரு வயது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்காலுக்கு மேலே வலிக்கிறது என்றாள். ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாள் என்று தைலம் தேய்த்துவிட்டேன். வளர்கிற வயசு, எலும்பு நீளும்போது வலிக்கும் என்று பக்கத்து கிளினிக்கில் சொன்னார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை என் கையில் கொடுக்காமல், "நீங்க டாக்டரையே பாத்துடுங்க மேடம்" என்றார். 

பிறகு எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு பயாப்ஸி. அதாவது அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. ஆஸ்டியோசர்கோமா என்றார்கள். எலும்பில் வருகிற புற்றுநோய், வளர்கிற பிள்ளைகளுக்கு அதிகம் வருவது. "என்ன தப்புப் பண்ணினோம் டாக்டர்?" என்று சேகர் கேட்டார். ஒரு தப்பும் இல்லை, இது இப்படித்தான் வரும் என்றார் டாக்டர். அதை நம்புவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. தைலம் தேய்த்த மூன்று வாரத்தை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கீமோவையும் ஆபரேஷனையும் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் காத்திருக்கும் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே யாரும் யாரையும் "என்ன வியாதி?" என்று கேட்க மாட்டார்கள். "எத்தனாவது சைக்கிள்?" என்றுதான் கேட்பார்கள், அதாவது கீமோ எத்தனாவது சுற்று என்று. மூன்றாவது என்று சொன்னவள், ஆறாவது என்று சொன்னவளுக்கு எழுந்து நாற்காலி கொடுப்பாள். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு மற்றவர்கள் பிஸ்கட் நீட்டுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்தில் பார்க்காத ஒழுங்கை அங்கேதான் பார்த்தேன்.

போன வருடக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. "எத்தனை?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர் புத்தி. டாக்டர் எண்ணிக்கை சொல்லவில்லை. இனிமேல் நோயைத் துரத்துகிற மருந்து உடம்பைத்தான் அதிகம் வாட்டும் என்றார். பேலியேட்டிவ் கேர் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"கைவிடறீங்க, அப்படித்தானே?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்தப் பிரிவின் டாக்டரும் அங்கே இருந்தார், என்னைவிட வயதில் சின்னவர். கோபித்துக்கொள்ளவில்லை. கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். நோயைத் தீர்க்க முடியாதபோதும் வலியைத் தீர்க்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், பிள்ளை தன் வீட்டில் தன் கட்டிலில் இருக்கலாம். அதற்குப் பெயர்தான் அது. வாரம் ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கு வருவார், செவ்வாய்க்கிழமைதோறும் நானே வீடியோவில் வருவேன் என்றார். வர்ஷா, "அப்போ இங்க வரவேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இனி கேட்பதற்கு எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவளுக்கு வலிக்கக் கூடாது.

வீடு பாதி ஆஸ்பத்திரி ஆனது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று வந்தது. அதை அறைக்கு அறை தூக்க முடியாமல் நாங்கள் திண்டாடுவதைக் கேள்விப்பட்டு, சேகரோடு வேலை செய்கிறவர்கள் பணிமனையில் சக்கரம் வைத்த ஒரு பலகை செய்து, நீலப் பெயின்ட் அடித்து, ரயில் பெட்டிக்கு எழுதுகிற மாதிரி நம்பரும் எழுதிக் கொடுத்தார்கள். வர்ஷா அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தாள். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடுமே என்று நான் புலம்பியதற்கு, கீழ்வீட்டு அக்கா தன் வீட்டு யு.பி.எஸ்-ஸிலிருந்து ஒரு ஒயரை எங்கள் ஜன்னலுக்கு இழுத்துவிட்டார்.

மார்ஃபின் மருந்தைப் பார்த்துத்தான் சேகர் பயந்தார். "அபின்லேர்ந்து எடுக்கறதாமே, பழகிடாதா?" என்று நர்ஸிடம் கேட்டார். வலிக்கு அளவாகக் கொடுத்தால் அடிமையாகிற பேச்சே இல்லை என்று நர்ஸ் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு அளவு. அதையும் மீறி வலி முட்டிக்கொண்டு வந்தால் கூடுதலாக ஒரு சின்ன அளவு. மலச்சிக்கல் வரும், அதற்கு ஒரு சிரப். இவ்வளவுதான்.

நர்ஸின் பெயர் சித்ரா. ஹனூர் பக்கம் ராமாபுரத்துப் பெண், தமிழ் பேசுகிறவர். வர்ஷாவை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். விரல் நுனியில் மாட்டுகிற சின்னக் கருவியை எப்படிப் பார்ப்பது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் இரண்டு எண் தெரியும். ஒன்று ரத்தத்தில் ஆக்சிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. "கொழந்தைக்கு எத்தன இருந்தா நல்லாயிருக்கான்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க்கா. அப்பத்தான் மாறுனா தெரியும்" என்றார். வர்ஷாவுக்கு நாடி தொண்ணூற்றைந்து என்று எழுதி வைத்தேன்.

ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அது மணி அடிக்கும். திரையில் ஆறு முகங்கள் வரும். முதல் முகம் சிரிக்கும், அது பூஜ்யம். கடைசி முகம் அழும், அது பத்து. இன்றைக்கு எவ்வளவு வலி என்று பிள்ளை ஒரு முகத்தைத் தொட வேண்டும். ஆறோ அதற்கு மேலோ தொட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்ஸின் போனுக்குத் தகவல் போய், அவர் உடனே கூப்பிடுவார். அந்த எண்களை வைத்துத்தான் டாக்டர் வாரா வாரம் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். ஏழு எண்ணில் ஒன்று பொய்யானால் சராசரி என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். சேகர் வேலை முடிந்து தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை வாங்கி வருவார். ஆறரைக்கு விளக்கேற்றுவேன். அதற்குப் பிறகு வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. கெட்ட வார்த்தை என்றால் திட்டு இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும். என் அம்மா வீட்டில் அப்படித்தான் இருந்தோம், எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

டேப்லெட் வந்த முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஏழு மணிக்கு மணி அடித்தது. வர்ஷா திரையைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதும்மா, எட்டு" என்றாள். என் வாய் தானாகப் பேசியது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வெச்ச நேரத்துல அந்த வார்த்தையச் சொல்லாதே கண்ணு."

சொல்லிவிட்டு, கூடுதல் மருந்தை நானே கொடுத்தேன். மருந்தைத்தான் கொடுத்துவிட்டோமே, வீட்டில் விளக்கெரியும்போது அழுகிற முகத்தைத் தொடுவானேன் என்று சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி, நான் கேட்கும் முன்பே வர்ஷா கையை நீட்டிப் பூஜ்யத்தைத் தொட்டாள். "நெஜமாவா?" என்று கேட்டேன். "நெஜமா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பூஜ்யம். அம்மன் எங்களுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தந்துவிட்டாள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். படித்தவள்தானே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் பிள்ளை அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் தெரியும்.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் வீடியோவில் வந்து, வர்ஷாவின் எண்களைக் கோடாக வரைந்த படத்தைத் திரையில் காட்டினார். ஏழு நாளைக்கு ஒரு பள்ளம். அவருக்கு ஆச்சரியம். வெள்ளிக்கிழமை மட்டும் வலியே இல்லையே, அன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சிநேகிதிகள் வருகிறார்களா, பாட்டுக் கேட்கிறாளா? எதுவாக இருந்தாலும் அதை மற்ற நாளும் செய்யலாம் என்றார்.

முதல் இரண்டு பூஜ்யம் நான் போட்டது என்று சொல்ல வெட்கம். மற்றதெல்லாம் அம்மன் போட்டது என்று ஒரு டாக்டரிடம் சொல்ல அதைவிட வெட்கம். "பாயசம் பண்ணுவேன் டாக்டர்" என்றேன்.

"அப்படியானால் தினமும் பண்ணுங்கள்" என்றார் அவர், சிரிக்காமல்.

பண்ணினேன். செவ்வாய் சேமியா, புதன் பாசிப்பருப்பு, வியாழன் ஜவ்வரிசி. மூன்றாம் நாள் வர்ஷா கிண்ணத்தைப் பார்த்து, "அம்மா, பேடா. யாருக்கும்மா பர்த்டே?" என்றாள். பேடா என்றால் வேண்டாம். சேகர்தான் இரண்டு பேர் பங்கையும் குடித்து, சட்டைப் பட்டன் இழுக்கிறது என்று முனகினார்.

அந்த நல்ல நாளை நேரில் பார்த்துவிட்டு வரட்டும் என்று டாக்டர், சித்ரா சிஸ்டரைப் புதன்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை அனுப்பினார். அவர் வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. சேகர் வாங்கி வந்த மல்லிகை அம்மன் படத்துக்குச் சூட்டியாகிவிட்டது. வர்ஷா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் அப்படித்தான் அமைதியாகப் படுத்திருப்பாள், நானும் தொந்தரவு செய்வதில்லை.

சித்ரா அவள் விரலில் கருவியை மாட்டினார். ஒரு நிமிடம் பார்த்தார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் கருவியைப் பார்த்தார். நாடி நூற்று முப்பத்திரண்டு.

"வலிக்குதா சாமி?"

"இல்ல சிஸ்டர்."

"அப்பறம் ஏன் போர்வைய இப்படிப் புடிச்சிருக்கீங்க? கையெல்லாம் வெளுத்துப்போச்சு."

வர்ஷா என்னைப் பார்த்தாள். பிறகு விளக்கு எரிகிற ஹால் பக்கம் பார்த்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சிஸ்டர். சொல்லக் கூடாது" என்றாள்.

 வர்ஷா என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மேலும் சொன்னாள். "ஒரு நாள்தானேம்மா. சனிக்கிழமை சொல்லிக்கலாம்னு."

சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டு, சில நேரம் பத்து. டாக்டர் காட்டிய படத்தில் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேடு இருந்தது. நானும் பார்த்தேன். பள்ளத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், மேட்டைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதையே ஒரு மாணவி செய்திருந்தால் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பேன்.

"மொதல்ல மருந்து, பேச்செல்லாம் அப்பறமுங்க்கா" என்றார் சித்ரா. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவரே கூடுதல் மருந்தை அளந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மெல்ல நீவிவிட்டார். அரை மணியில் நாடி இறங்கியது. வர்ஷாவின் விரல்கள் போர்வையை விட்டன.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். வெள்ளிக்கிழமை, விளக்கெரிகிற நேரம், வாய்விட்டு அழுதேன். புற்றுநோய் கொடுத்த வலி ஒரு பக்கம். நான் கொடுத்த வலி இது. என் பிள்ளை என் விளக்குக்காக ஏழெட்டு வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். 

சித்ரா உள்ளே வந்து, தண்ணீர் மொண்டு கொடுத்தார். "எங்கூட்லயும் இப்படித்தானுங்க்கா. வெள்ளிக்கெழம தும்முனாக்கூட மொறைப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைய எங்கம்மா பெத்தது வெள்ளிக்கெழமதானுங்க. அன்னிக்கு வலிக்குதுன்னு கத்தாமயா பெத்தாங்க?" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றே டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பாயசம் உட்பட. அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, சொன்னது நல்லதாகப் போயிற்று, இந்த எண்களை நம்பி மருந்தைக் கூட்டாமல் வைத்திருந்தேன் என்றார். அன்றைக்கே அளவைக் கூட்டினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சேகர் ஒரு யோசனை சொன்னார். "வெள்ளிக்கிழமை மட்டும் மணிய ஆறு மணிக்கு மாத்திடச் சொல்லலாமே. விளக்குக்கு முன்னாடி முடிஞ்சுடும். உனக்கும் சங்கடம் இல்ல."

நல்ல யோசனைதான். எனக்கும் ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் விளக்கேற்றிய பிறகு வலி வந்தால்? அவள் மறுபடியும் சனிக்கிழமைக்குக் காத்திருப்பாள். "வேண்டாங்க. ஏழு மணிக்கே அடிக்கட்டும்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரைக்கு விளக்கேற்றினேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட மனசு வரவில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஹாலில் இருந்த விளக்கைத் தாம்பாளத்தோடு தூக்கிவந்து, ஆக்சிஜன் மெஷினிலிருந்து தள்ளி, வர்ஷாவின் கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி அவள் அறை வாசல்படிக்கு வெளியே வைத்தேன். 

ஏழு மணிக்கு டேப்லெட் மணி அடித்தது. ஆறு முகங்களும் வந்தன. வர்ஷா கையை நீட்டவில்லை.

"எவ்வளவு வலிக்குது கண்ணு?" என்று கேட்டேன். விளக்குக்கும் கேட்கிற சத்தத்தில்தான் கேட்டேன்.

"இன்னைக்கு வெள்ளி."

"தெரியும். சொல்லு."

"சொல்லலாமா?"

"சொல்லணும்."

அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது முகம் சுளிக்கிறேனா என்று தேடினாள். பிறகு மெதுவாக நான்காவது முகத்தைத் தொட்டாள். ஆறு.

"வலிக்குதும்மா" என்றாள். அவ்வளவு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த ஒரு சொல்லில் இறக்கினாள். அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் டேப்லெட் அடித்தது, சித்ராவின் முகம் வந்தது. "சொல்லுங்க சாமி, எங்க வலிக்குது?" என்றார். வர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு, முதுகு, தொடை என்று தொட்டுத் தொட்டுக் காட்டினாள். சேகர் கூடுதல் மருந்தை அளந்து எடுத்துவந்தார்.

அரை மணி ஆயிற்று. நாடி நூற்றுக்குக் கீழே வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, கூந்தலில் ஒரு துண்டு மல்லிகை வைத்துவிட்டேன். கீமோவுக்குப் பிறகு இப்போதுதான் பூ நிற்கிற அளவுக்கு முடி வளர்ந்திருக்கிறது. அவள் கண் பாதி மூடியபடி வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் சொல்லியும் விளக்கு அணையலயே" என்றாள்.

அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, குளிரலைன்னு சொல்லணும் என்று திருத்த என் வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா கண்ணு," என்றேன். "அணையல."